வீட்டு கேட்டில் நசுங்கியது என்று சொன்னேன்

என் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. 2018 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, மணலிப் பக்கம் நான் 17 வருடம் வேலை பார்த்த பிரஸ் ஷாப்பில், அதாவது தகட்டை மெஷினில் அழுத்தி உதிரி பாகம் அடிக்கிற பட்டறையில், போனவை அவை. விரல் போனது மனதுக்குப் பழகிவிட்டது. அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் "எப்படி ஆச்சு?" என்று கேட்டபோது "வீட்டு கேட்டுல மாட்டிக்கிச்சு" என்று நான் சொன்னேனே, அதுதான் இன்னும் பழகவில்லை. அந்த ஒரு பதிலைத் திருத்த எனக்குப் பதினாலு மாதம் ஆனது. என்னை மாதிரி மெஷின் முன்னால் நிற்கிற யாரும் அதைச் சொல்லிவிடக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கொருக்குப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன் நான். பத்தாவதோடு படிப்பு நின்றது. 2001இல், 18 வயதில், ஹெல்பராகச் சேர்ந்தேன். ஷீட் தூக்கிப் போடுவது, ஸ்கிராப் அள்ளுவது, டைக்கு, அதாவது தகட்டுக்கு வடிவம் கொடுக்கிற அச்சுக்கு, எண்ணெய் விடுவது. நாலு வருடத்தில் ஆபரேட்டர் ஆனேன். வண்டிக் கம்பெனிகளுக்குப் போகிற பிராக்கெட், கிளாம்ப், வாஷர் எல்லாம் அடிப்போம். முதலாளியைப் பெரியவர் என்றுதான் சொல்வோம். நல்ல மனிதர், இதை இப்போதும் மனதாரச் சொல்கிறேன். என் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் வாய் திறப்பதற்கு முன்பே 40,000 ரூபாய் கொடுத்து, மாதம் ஆயிரமாகப் பிடித்துக்கொண்டார். ஆயுத பூஜை அன்று மெஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்து, பொரி கடலையோடு சட்டைத் துணியையும் கையில் கொடுத்து "நீங்கள்லாம் நம்ம வீட்டுப் பசங்க" என்பார். நாங்களும் அப்படித்தான் நடந்துகொண்டோம். 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அடித்த அன்று ஷெட்டில் நாலு தகரம் பறந்துபோனது. என் வீட்டுக் கூரை இருக்கிறதா போனதா என்றே தெரியாமல், டை ரேக் நனையக் கூடாது என்று தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க நின்றேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை.

2017 வாக்கில் பெரியவருக்கு உடம்பு முடியாமல் போய், சின்னவர் பொறுப்புக்கு வந்தார். ஆர்டர் கூடியது. நான் ஓட்டியது 60 டன் பவர் பிரஸ். அதில் இரண்டு கை பட்டன் உண்டு: இரண்டு கையும் பட்டனில் இருந்தால்தான் ஸ்ட்ரோக் அடிக்கும், அதனால் கை டைக்குள் இருக்க வழியில்லை. பட்டன் வைத்து ஓட்டினால் மணிக்கு எத்தனை பீஸ், பெடல் வைத்து ஓட்டினால் எத்தனை பீஸ் என்று கணக்குப் பார்த்து, பட்டனைக் கழற்றிவிட்டுக் கால் பெடல் போட்டார்கள். கை உள்ளே போகாமல் தடுக்க முன்னால் இருந்த கம்பி கார்டையும் "ஷீட் போட இடைஞ்சலா இருக்கு" என்று எடுத்து ஓரமாகச் சாய்த்துவைத்தார்கள். எனக்கு இன்சென்டிவ் கூடக் கிடைத்தது, நானும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அடிபட்ட அந்த மாதத்தில் இரண்டு தடவை மெஷின் டபுள் ஸ்ட்ரோக் அடித்தது. அதாவது ஒரு தடவை மிதித்தால் ராம் (மேலிருந்து இறங்கி அடிக்கிற பகுதி) மேலே போய் நிற்காமல் இன்னொரு தடவை தானாக இறங்கும். கிளட்ச் கீ தேய்ந்திருந்தால் அப்படி ஆகும். ஃபிட்டரிடம் சொன்னேன், அவர் மேனேஜரிடம் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை ஷட் டவுனில் பார்க்கலாம் என்றார் மேனேஜர். சனிக்கிழமை மத்தியானம் 3.10க்கு, அடித்த பீஸை எடுக்கக் கை உள்ளே போயிருந்தபோது அது மூன்றாவது தடவையாக இறங்கியது.

வாயால் சொன்னேன், அவ்வளவுதான். ஒரு துண்டுச் சீட்டில் "மெஷின் டபுள் அடிக்கிறது" என்று எழுதித் தேதி போட்டுக் கொடுத்திருந்தால், அல்லது மேனேஜருக்கு ஒரு வாட்ஸப் அனுப்பியிருந்தால், பின்னால் "கவனக்குறைவு" என்ற வார்த்தையை அவர்களால் என் மேல் போட்டிருக்க முடியாது. ஷாப் ஃப்ளோரில் நாம் எல்லாவற்றையும் வாயால்தான் சொல்கிறோம். மெஷின் கோளாறை மட்டுமாவது எழுதிச் சொல்லுங்கள்.

கையில் துணியைச் சுற்றி சின்னவரின் காரிலேயே ஏற்றினார்கள். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஃபிட்டர் சொன்னார். வடசென்னையில் கை விரல் போன எவனையும் கேட்டால் ஸ்டான்லி என்றுதான் சொல்வான். 1970களில் டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கே தொடங்கிய கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு இந்தப் பக்கத்து பிரஸ் ஷாப், லேத் பட்டறை, துறைமுகத்து ஆட்களின் எத்தனையோ கைகளைக் காப்பாற்றியிருக்கிறது. "அங்க கூட்டம், போலீஸ் இன்டிமேஷன் அது இதுன்னு லேட் ஆகும்" என்று மேனேஜர் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பச் சொன்னார். போகிற வழியில் மேனேஜர் என் தோளில் கை போட்டுச் சொன்னது இது: "வேலையில அடிபட்டுச்சுன்னு சொன்னா ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருவாரு, மெஷினுக்கு சீல் வைப்பாங்க, இருபது குடும்பம் பொழப்பு நிக்கும். செலவு பூரா கம்பெனி பாத்துக்கும். பெரியவருக்கு ஹார்ட் வேற சரியில்ல. வீட்டு கேட்டுல நசுங்கிச்சுன்னு சொல்லிடு தம்பி." எனக்கு அவர் அதுவரை தம்பி என்று சொன்ன ஞாபகமே இல்லை. பெரியவர் முகம் கண் முன்னால் வந்தது. சொல்லிவிட்டேன்.

இங்கே இரண்டு விஷயம். ஒன்று, துண்டான விரல். என்னுடையது நசுங்கிப்போனதால் ஒட்டவைக்க வழி இருந்திருக்காது, ஆனால் வெட்டுப்பட்டுத் துண்டாகியிருந்தால் அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸில் வைத்துக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஐஸ் நேராக விரலில் படக் கூடாது. எங்கள் ஷாப்பில் அன்று அது யாருக்கும் தெரியாது. டீக்கடையில் ஐஸ் பெட்டி பக்கத்திலேயே இருந்தது.

இன்னொன்று, ஏ.ஆர். காப்பி. அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனதும் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் எழுதுவார்கள்: எத்தனை மணிக்கு, எங்கே, எப்படி, யார் கூட்டிவந்தார்கள். பின்னால் ஈ.எஸ்.ஐ. (சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கிற அரசுத் தொழிலாளர் காப்பீடு) ஆனாலும் லேபர் ஆபீஸ் ஆனாலும் முதலில் கேட்கிற காகிதம் அதுதான். நாம் வலியில் முனகிக்கொண்டு சொல்கிற நாலு வார்த்தை அதில் ஏறிவிடும். என் காகிதத்தில் "வீட்டு கேட்டில்" என்று ஏறியது. பேசுகிற நிலையில் இல்லையென்றால் கூட வருகிற ஆள் சொல்வதுதான் ஏறும், ஆகவே கூட யார் வருகிறார்கள் என்பது முக்கியம். கம்பெனி ஆள் மட்டும் வர விடாதீர்கள், ஒரு தொழிலாளியும் ஏற வேண்டும்.

முதல் மாதம் கம்பெனி என்னை நன்றாகவே பார்த்துக்கொண்டது. ஆஸ்பத்திரி பில் கட்டினார்கள். ஹார்லிக்ஸ், ஆப்பிள், சாத்துக்குடி வந்தது. மார்ச் மாதச் சம்பளம் முழுதாக வந்தது. என் மனைவிதான் "காசு குடுக்கறாங்க, ஒரு காகிதமும் குடுக்க மாட்டேங்கறாங்களே" என்றாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. ஏப்ரல் வந்ததும் மேனேஜர் போன் செய்து "ஈ.எஸ்.ஐ.ல சிக் லீவ் போட்டுக்கோ" என்றார். டிஸ்பென்சரியில் போய் அங்கேயும் அதே கேட் கதையைச் சொன்னேன். அவர்களும் அதைச் சாதாரண உடம்புக் கோளாறாக எழுதி, சிக்னெஸ் பெனிஃபிட்டில் போட்டார்கள்.

அப்போது என் சம்பளம் 13,000, 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 500. உடம்பு சரியில்லை என்று போனால் ஈ.எஸ்.ஐ. தருவது 70 சதவீதம், 350 ரூபாய், அதுவும் 91 நாளோடு சரி. வேலையில் பட்ட அடி என்று போனால் 90 சதவீதம், 450 ரூபாய், வேலைக்குப் போக முடியாத நாள் வரை. அதற்குப் பிறகு நிரந்தர ஊனத்துக்கு உயிரோடு இருக்கும் வரை தனியாக மாதா மாதம் பணம். நான் சொன்ன பொய்யில் இதெல்லாம் சேர்ந்தே போனது. மாதா மாதம் சம்பளத்தில் என் பங்கு 1.75 சதவீதம் பிடித்தார்கள் (2019 ஜூலையிலிருந்து 0.75 ஆகிவிட்டது). எதற்குப் பிடிக்கிறார்கள் என்று 17 வருடத்தில் ஒரு நாளாவது கேட்டிருக்கிறேனா? இல்லை. காய்ச்சலுக்கு மாத்திரை தரும் இடம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜூலையில் வேலைக்குப் போனேன். கை பிரஸ்ஸுக்கு ஆகாது என்று எனக்கே தெரியும். சின்னவர் உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். "கேட்ல செக்யூரிட்டியா இருங்க, நைட் ஷிப்ட், கஷ்டம் இல்ல" என்றார். சம்பளம் 9,000. அதுவும் கம்பெனி ரோலில் (சம்பளப் பட்டியலில்) இல்லை, காண்ட்ராக்டர் ரோலில். ஒரு கடிதம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. "சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன், எனக்கு வர வேண்டிய கணக்கு எல்லாம் முடிந்துவிட்டது, எந்தப் பாக்கியும் இல்லை." கூடவே ஒரு கணக்குச் சீட்டு. அதில் அட்வான்ஸ் 62,000 என்று இருந்தது. என்ன அட்வான்ஸ் என்று கேட்டேன். ஆஸ்பத்திரி பில்லாம். கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று காரில் சொன்ன செலவு, என் பேரில் கடனாக எழுதப்பட்டிருந்தது. அந்தச் சீட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு நிஜமாக அடிபட்டது.

இடது கையில் பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். வீட்டில் அவள் சொல்லி அனுப்பியது காதில் இருந்தது: "எதுலயும் கையெழுத்துப் போடாத, வீட்டுக்கு எடுத்துட்டு வா, படிச்சுட்டுப் போடலாம்." அதையே சொன்னேன். "நம்பிக்கை இல்லியா?" என்றார் சின்னவர். பதில் சொல்லாமல் கடிதத்தை போனில் படம் எடுத்துக்கொண்டு, கணக்குச் சீட்டோடு வந்துவிட்டேன். மறுநாள் என் கார்டு கேட்டில் பஞ்ச் ஆகவில்லை.

எங்கள் தெரு முனை டீக்கடையில் வயதான ஒரு மில்காரர் உட்காருவார். பெரம்பூர் பின்னி மில்லில் வேலை பார்த்தவர், 1996இல் மில் மூடும் வரை. அவரிடம் என் மனைவிதான் கூட்டிக்கொண்டு போனாள். என் கையைப் பார்த்துவிட்டு "ஐயோ பாவம்" என்று அவர் சொல்லவில்லை. "ஏ.ஆர். காப்பி இருக்கா?" என்றார். காட்டினேன். படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "1918 ஏப்ரல் 27, இதே பெரம்பூர்ல வாடியாவும் திரு.வி.க.வும் சேர்ந்து மெட்ராஸ் லேபர் யூனியன் வெச்சாங்க. 1923 மார்ச்சுல அடிபட்ட தொழிலாளிக்கு நஷ்டஈடு சட்டம் பாஸ் ஆச்சு, அதே வருஷம் மே ஒண்ணாந் தேதி சிங்காரவேலர் பீச்சுல மே தினக் கொடி ஏத்தினாரு. நூறு வருஷமா ஆளுங்க வாங்கி வெச்சத நீ ஒரு வார்த்தையில வுட்டுட்டு வந்துட்ட நைனா." திட்டியபடியேதான் மனு எழுதிக் கொடுத்தார்.

அவர் சொன்ன முதல் வேலை, ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு நடந்தது நடந்தபடி ஒரு கடிதம், ரிஜிஸ்டர் தபாலில், ஒப்புகை அட்டையோடு. பொய் சொன்னதை மறைக்காமல், யார் சொல்லச் சொன்னார்கள், ஏன் சொன்னேன் என்றும் எழுதச் சொன்னார். விபத்து ரிப்போர்ட் அனுப்ப வேண்டியது கம்பெனி கடமை; கம்பெனியில் இருக்கிற விபத்துப் பதிவேட்டில் எழுத வேண்டியதும் அவர்கள்தான். அவர்கள் எழுதவில்லை என்பதால் நம் உரிமை போய்விடாது, ஆனால் நிரூபிக்கிற பாரம் நம் தலையில் ஏறிவிடுகிறது. இரண்டாவது வேலை, சாட்சி தேடுவது.

இது ரொம்பக் கஷ்டமான காலம். கூட வேலை பார்த்தவர்கள் போனை எடுக்கவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. என் ஹெல்பராக இருந்த பையன் வேறு கம்பெனிக்குப் போயிருந்தான். அவன் போனில் அன்று மத்தியானம் எடுத்த ஒரு படம் இருந்தது: மெஷின், ரத்தம், ஓரத்தில் சாய்த்துவைத்த கம்பி கார்டு. பயத்தில் யாருக்கும் அனுப்பாமல் வைத்திருந்திருக்கிறான். "அண்ணே, நான் வந்து சொல்றேண்ணே" என்று அவனே சொன்னான். அப்புறம் ஃபிட்டர். நேரில் வர மாட்டேன் என்றார். ஆனால் ஒன்று சொன்னார்: "பிரேக்டவுன் சீட்டு பாக்கச் சொல்லு." விபத்துப் பதிவேட்டில் ஒன்றும் இல்லை. ஆனால் பிரேக்டவுன் சீட்டில் அதே தேதி, மெஷின் நிறுத்தம் 3.10, கிளட்ச் கீ மாற்றப்பட்டது என்று இருந்தது. புரொடக்ஷன் புத்தகத்தில் என் பெயருக்கு நேராக 3 மணி வரை பீஸ் கணக்கு, அதற்குப் பிறகு கோடு. ஆஸ்பத்திரியில் சேர்ந்த நேரம் 4க்கு முன்னால். மூன்று மணி வரை மணலியில் பீஸ் அடித்துக்கொண்டிருந்தவன் கொருக்குப்பேட்டை வீட்டு கேட்டில் எப்படிக் கையைக் கொடுத்தான்? விசாரணைக்கு வந்த அதிகாரி இந்தக் கேள்வியைத்தான் கம்பெனியிடம் கேட்டார்.

அதனால் சொல்கிறேன், விபத்து நடந்தால் விபத்துக் காகிதத்தை மட்டும் தேடாதீர்கள். வருகைப் பதிவு, புரொடக்ஷன் புத்தகம், பிரேக்டவுன் சீட்டு, கேட் பாஸ், ஆம்புலன்ஸ் அல்லது ஆட்டோ வந்த நேரம், உங்கள் போனில் அன்று வந்த அழைப்புகள் எல்லாமே பேசும். கம்பெனியில் உற்பத்திக் கணக்கு எழுதாமல் விடவே மாட்டார்கள்.

கம்பெனி பதில் அனுப்பாமல் இழுத்தடித்ததில் மாதங்கள் ஓடின. பதினாலாவது மாதம் வேலையில் ஏற்பட்ட காயம் என்று முடிவாகிக் கடிதம் வந்தது. 70க்கும் 90க்கும் இருந்த வித்தியாசம் வந்தது. மெடிக்கல் போர்டு ஊனம் 20 சதவீதம் என்று போட்டது. சட்டத்தின் அட்டவணையில் விரலுக்கு விரல் எண் இருக்கிறது: கட்டை விரல் 30, ஆள்காட்டி 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டு விரலோ 7, ஒரு கையில் இரண்டு விரல் 20. அந்தக் காகிதத்தைப் படிக்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் 17 வருட விசுவாசத்துக்கு எந்த அட்டவணையிலும் எண் இல்லை, விரலுக்காவது இருக்கிறது. 450இல் 20 சதவீதம், நாளைக்கு 90 ரூபாய், மாதம் 2,700. சின்னத் தொகைதான். என் பெண்ணின் ஸ்கூல் வேன் அதில் ஓடுகிறது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கினாலும் இந்தப் பணம் நிற்காது. "வேலைக்குத்தான் போறியே, உனக்கு எதுக்கு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வேலை விஷயத்தை லேபர் ஆபீசில் தனியாகப் போட்டேன். எங்கள் கம்பெனியில் சங்கம் இல்லை. வேலையை விட்டு நிறுத்தினால் சங்கம் இல்லாமல் தனி ஆளாகவே மனு கொடுக்கலாம் என்று டீக்கடை மில்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அரசு வேலையில் இருப்பவருக்குப் பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்டால் அவரை வெளியே அனுப்பக் கூடாது, பதவியிறக்கவும் கூடாது என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. தனியார் கம்பெனிக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அதுதான் எங்கள் மாதிரி ஆட்களின் பெரிய பள்ளம். ஆனால் நான் ராஜினாமா கொடுக்கவில்லை, அந்த ஒன்று என்னைக் காப்பாற்றியது. கையெழுத்து இல்லாத கடிதத்தின் படத்தையும், 62,000 அட்வான்ஸ் சீட்டையும் மேசையில் வைத்தேன். நாலு தடவை பேச்சுவார்த்தை. டிசம்பரில் கையெழுத்தானது: அதே சம்பளம், ஸ்டோர்ஸில் வேலை, 2001இலிருந்து தொடர் சர்வீஸ், அட்வான்ஸ் ரத்து.

2022இல் கம்பெனி இடம் மாறியபோது நான் விலகிக்கொண்டேன். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்துக் கடைசிச் சம்பளம் 15,600. 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் 9,000, அதை 21 வருடத்தால் பெருக்கினால் 1,89,000 ரூபாய் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. அன்று காண்ட்ராக்டர் ரோலுக்குப் போயிருந்தால் என் சர்வீஸ் 2018இலிருந்துதான் ஆரம்பித்திருக்கும், அஞ்சு வருடம்கூட ஆகியிருக்காது. பழைய 17 வருடத்துக்கு "எந்தப் பாக்கியும் இல்லை" என்று நானே எழுதிக்கொடுத்த காகிதம் அவர்கள் கையில் இருந்திருக்கும். ஊனமானவனுக்கு லைட் ஜாப் கொடுப்பது நல்ல காரியம். அது எந்த ரோலில், எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டுவிட்டுச் சரி சொல்லுங்கள்.

ஈ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் வேலை பார்க்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சம்பளம் 21,000க்கு மேல் போனவர்கள், பத்து ஆள்கூட இல்லாத சின்னப் பட்டறைக்காரர்கள். அவர்களுக்கு 2025 நவம்பர் வரை அந்த 1923 நஷ்டஈட்டுச் சட்டம்தான் இருந்தது, அதன் கணக்கு இது. நிரந்தர முழு ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கான எண்ணால் பெருக்க வேண்டும், பகுதி ஊனம் என்றால் அதில் அத்தனை சதவீதம். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு 15,000 வரைதான் எடுப்பார்கள், 2020 ஜனவரியிலிருந்து இந்த உச்சம். 35 வயதுக்காரனுக்கு எண் 197.06. 15,000 சம்பளம், என்னைப் போல 20 சதவீதம் என்றால் 3,54,708 ரூபாய் வருகிறது. இதே காயத்துக்கு 30,000, 50,000 என்று கையில் கொடுத்து வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நஷ்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் அந்தச் சட்டப்படி செல்லாது, ஆனால் இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். காண்ட்ராக்டர் ஓடிவிட்டார் என்றால் வேலை நடந்த கம்பெனியிடமே கேட்கலாம். 2025 நவம்பர் 21 முதல் இந்தப் பழைய சட்டங்களின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன, பிரிவு எண்களெல்லாம் மாறியிருக்கின்றன, அதனால் இன்றைக்கு மனு எழுதுகிறவர்கள் எண்ணையும் கெடுவையும் ஒரு தடவை கேட்டுவிட்டு எழுதுங்கள்.

பெரியவர், அதாவது முதலாளி, 2021இல் தவறிவிட்டார். நான் போனேன். கம்பெனி மேல் கேஸ் போட்டவன் எதற்கு வந்தான் என்று சிலர் பார்த்தார்கள். எனக்கு அவர் தங்கச்சி கல்யாணத்துக்குக் கொடுத்த காசும் ஞாபகம் இருக்கிறது, வீட்டுப் பையன் என்று சொன்னதும் ஞாபகம் இருக்கிறது, இரண்டும் நிஜம்தான். ஆஸ்பத்திரியில் கிடந்த அத்தனை நாளில் அவர் ஒரு தடவை வந்து பார்த்தார். என் கட்டைப் பார்த்து அழுதார். என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாலையைப் போட்டுவிட்டு வந்தேன்.

இப்போது கொடுங்கையூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் இருக்கிறேன். பக்கத்தில் இரண்டு மூன்று பட்டறைகள் உண்டு. போன மாதம் ஒரு நாள் சத்தம் கேட்டு ஓடினேன். ஒடிசாப் பையன், இருபது வயது இருக்கும், சுண்டு விரல் நுனி போயிருந்தது. சூப்பர்வைசர் பைக்கில் ஏற்றப் பார்த்தார். நான் ஆட்டோ பிடித்து, டீக்கடையில் ஐஸ் வாங்கி, துண்டு நுனியைச் சுற்றிக் கவரில் போட்டு, பையனோடு ஏறி ஸ்டான்லிக்குப் போகச் சொன்னேன். சூப்பர்வைசரும் ஏறிக்கொண்டார், வழி முழுக்கப் பையனிடம் இந்தியில் மெதுவாக என்னவோ சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு இந்தி தெரியாது, ஆனால் கேட் என்ற வார்த்தை காதில் விழுந்தது. கேசுவால்டியில் எழுதுகிறவர் பேனாவை எடுத்து "எங்கப்பா ஆச்சு?" என்றார். பையன் சூப்பர்வைசரைப் பார்த்தான். நான் என் வலது கையை எடுத்து மேசை மேல் வைத்தேன். அவன் அதைப் பார்த்தான்.

"கம்பெனி" என்றான். "பிரஸ் மெஷின்."

எழுதி முடிக்கும் வரை நின்றேன். அப்புறம் சூப்பர்வைசரிடம், பையனுடைய ஈ.எஸ்.ஐ. நம்பரைக் கொண்டுவாங்க, அது இருக்கா இல்லியான்னு இன்னைக்கே பார்த்துடலாம் என்றேன்.